பூவராகவனுக்கு ஒரு சுமைதாங்கி

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு எதிரே இருந்த காயலாங்கடையில் அன்று காலை தராசு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பழைய தகர டின்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மூக்கைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மூக்கு பூவராகவனுடையது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அவர் போய்ச் சேர்ந்திருந்தார். ஊரார் எறிந்ததையெல்லாம் பொறுக்கி, பிரித்து, மறுபடி யாருக்காவது உதவும்படி கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். அந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். 1978ஆம் வருஷம் தொடங்கியபோது அந்தத் தொழிலை வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. அவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு ஞாபகார்த்தம் வைப்பதென்று கூடிப் பேசி, ரயிலடி முகப்பில் மார்பளவுச் சிலை என்று முடிவும் செய்துவிட்டார்கள். பொன்னேரியில் சிமெண்டுச் சிலை பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு போட்டோ கேட்டார். அங்கேதான் சிக்கல். பூவராகவன் ஆயுசில் எந்த போட்டோவுக்கும் நின்றதில்லை.

"கூரு மூக்குபா. கிளி மூக்கு மாதிரி," என்றார் கடைக்காரர் ரங்கசாமி. அவர்தான் கமிட்டித் தலைவர்.

"இன்னா ரங்கசாமிண்ணா, ஆளப் பாத்ததே இல்லியா நீ? நல்ல சப்ப மூக்கு," என்றான் சின்னதுரை. ஆலை ஒன்றில் வெல்டர், கமிட்டிக்குச் செயலாளர்.

"சப்பையா? அப்பறம் மூக்குக் கண்ணாடி எதுல நின்னுது?"

"கண்ணாடி எங்க நின்னுது? நூலு கட்டி காதுலல்ல மாட்டிக்கினு இருந்தாரு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கெங்கம்மாள் பக்கம் திரும்பினார்கள். அவள் கதவோரம் ஒரு சாக்குமூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். பூவராகவனின் பெண்சாதி.

"தங்கச்சி, நீயே சொல்லிடும்மா. குடும்பம் நடத்துனவ நீ," என்றார் ரங்கசாமி.

கெங்கம்மாள் நினைத்துப் பார்த்தாள். கண்ணை மூடினால் முகம் வரவில்லை, கழுத்துதான் வந்தது. தலைச்சுமை தூக்கித் தூக்கிப் பின்கழுத்தில் காய்த்துப்போயிருந்த மேடு. ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அதில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள். எந்நேரமும் சரக்கைக் குனிந்து பிரித்துக்கொண்டிருந்த ஆளிடம் கழுத்தைத்தானே அதிகம் பார்க்க முடியும்?

"மூக்கு... மூக்கு மாதிரிதான் இருந்துது," என்றாள்.

கடையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தெருவைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

குப்பாயி வந்துகொண்டிருந்தாள். தலையில் ஆலையிலிருந்து எடுத்துவந்த இரும்புப் பட்டைச் சுருள்கள், சாக்கில் கட்டி இறுக்கிய பெரிய மூட்டை. வாசலில் இரண்டு பேர் ஓடிப்போய்ச் சுமையை இறக்கினார்கள். குப்பாயியால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடம்பையே திருப்பிக் கெங்கம்மாளைப் பார்த்தாள்.

"பனமர முக்காண்ட நின்னு வரலியாடி?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"நின்னா யாருக்கா எறக்குவா? நானா எறக்குனா கீழதான் போடணும். கீழ போட்டா அப்பால யாரு தூக்கி வெப்பா? காக்காவா?" குப்பாயி சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்தாள். "மூச்சப் புடிச்சிக்கினு ஒரே நடையா வந்துட்டேன். நேத்து கன்னியம்மா வழியில வுழுந்துட்டா, தெரியுமில்ல?"

தெரியும். பூவராகவன் போனதிலிருந்து கெங்கம்மாளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது அதுதான்.

இந்த உறுத்தல் புரிய வேண்டுமானால் பூவராகவன் செய்த வேலை என்னவென்று தெரிய வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவிலிருந்த குடியிருப்பில் பிறந்தவர் அவர். நடவு, அறுப்பு, கிணற்றில் மாடு ஓட்டிக் கவலை இறைப்பது என்று கூலி வேலைதான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் கருவாடு வாங்கப் பழவேற்காட்டுக்குப் போனார். ஏரிக்கரையில் பழைய நூல் வலைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. நைலான் வலை வந்த புதிது. மீன்பிடிக்கிறவர்கள் பழையதை அப்படியே கரையில் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"இது யாருதுங்க?" என்று கேட்டார்.

"யாருதும் இல்ல. வேணும்னா எடுத்துக்கினு போ. நாறுது, போ," என்றார் ஒரு செம்படவர்.

கருவாடு வாங்கப் போனவர் தலையில் வலையோடு வந்தார். கெங்கம்மாள் கல்யாணமாகி வந்த புதுசு. வாடை வாசலுக்கு முன்னால் வந்தது, புருஷன் பின்னால் வந்தார்.

"ஊடா இது, மீன் மார்க்கெட்டா? கருவாடு எங்க?"

"மறந்துட்டேன்," என்றார்.

வலையை ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து, உப்பு போக அலசி, காயவைத்து, அகலம் அகலமாக அறுத்தார். மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, பொன்னேரிக்கு மேற்கே இருக்கிற ஆரணிக்கு நடந்தார். ஆற்றங்கரைத் தோட்டங்களில் பாகல்கொடி ஏற்ற ஆட்கள் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பருவம். ஒரு தோட்டக்காரரிடம் வலையைக் காட்டி, "இத விரிச்சிப் பாருங்க. கொடி தானா ஏறிக்கும்," என்றார். ஏறியது. அடுத்த பருவத்தில் பழவேற்காட்டில் மீன் பிடித்த வலையெல்லாம் ஆரணியில் பாகற்காய் பிடித்தது.

அதற்குப் பிறகு அவரால் எதையும் சும்மா பார்க்க முடியவில்லை. உடைந்த வாளி, ஓட்டைக் குடம், பீங்கான் தட்டு, மண்ணெண்ணெய் டின், கிழிந்த கோணி. வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் மூன்று கூடைகள் வந்தன. அப்படியே உதவுகிறது முதல் கூடையில். கொஞ்சம் தட்டிக்கொட்டினால் உதவுகிறது இரண்டாவதில். உருக்கித்தான் ஆகவேண்டும் என்கிறது மூன்றாவதில். கண்ணாடிச் சில்லும் அதில்தான், மேலே சாக்கு மூடி. அவர் வைத்திருந்த ஒரே கண்டிப்பு, முழுசாக இருக்கிற எதையும் உடைத்து மூன்றாவது கூடையில் போடக்கூடாது. அதுவாக உடைந்தால் போடலாம்.

இன்னொரு கண்டிப்பும் இருந்தது. குப்பை என்கிற வார்த்தை அவர் வீட்டில் கூடாது. "சரக்கு"தான்.

"நான் இன்னா பண்றது அப்ப? எம்பேர மாத்திக்கவா?" என்று கேட்டாள் குப்பாயி. அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று, பிறந்ததும் குப்பையில் ஒருமுறை புரட்டி எடுத்து அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

"உன்ன அப்பவே எடுத்துட்டாங்கல்ல? அப்ப நீயும் சரக்குதான்," என்றார் பூவராகவன்.

இந்த வார்த்தையால் ஒருமுறை பேஜாரும் ஆனது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். மனுஷன் தெருத் தெருவாக, "சரக்கு இருக்குதாம்மா, சரக்கு?" என்று கூவிக்கொண்டு போவார். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு போலீஸ்காரர் காதில் விழுந்தது. பின்னாலேயே வந்து, ஒரு வீட்டு வாசலில் அவர் மூட்டையை வாங்கித் தோளில் போட்டதும் கையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா நைனா, பட்டப்பகல்ல சரக்கு வாங்கறியா? மூட்டைய அவுத்துக் காட்டு!"

அவிழ்த்தார். உள்ளே துருப்பிடித்த அரிவாள்மணையும் மூக்கு உடைந்த கெண்டியும் இருந்தன. போலீஸ்காரர் மூட்டையின் அடிவரை துழாவி, கெண்டியை முகர்ந்தும் பார்த்துவிட்டு, கடைசியில், "எங்க ஊட்டுலயும் ஒரு ஓட்ட அண்டா கெடக்குது. வந்து பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார். அண்டா இரண்டாவது கூடைக்கு வந்து, ஈயம் வைத்து, அவர் வீட்டுக்கே திரும்பிப் போனது.

எழுபதுகளில் வயல்களை வாங்கி ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆண்களில் சிலருக்கு உள்ளே வேலை கிடைத்தது. நாற்று நட்ட பெண்களுக்கு நாற்றும் இல்லை, வேலையும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தினமும் புகை எழும்புவதைப் பூவராகவன் பார்த்தார். இயந்திரங்கள் வந்திறங்கிய பலகைப் பெட்டிகளைப் போட்டு எரிக்கிறார்கள். பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புப் பட்டைகளைப் பள்ளம் தோண்டிப் புதைக்கிறார்கள். கேட்டுக்குப் போய் நின்றார். விரட்டினார்கள். மறுநாளும் போனார். மேனேஜர் வெளியே வந்தபோது, "சார், எரிக்கறதுக்குன்னு ஒரு ஆளு வெச்சிருக்கீங்க. அந்த ஆளுக்கு வேற நல்ல வேலையா குடுங்க. நாங்க எடுத்துக்கினு போறோம்," என்றார். எரிக்கிற ஆளே உள்ளேயிருந்து, "ஆமா சார், கண்ணு எரியுது சார்," என்றான். அதோடு காரியம் முடிந்தது.

அப்புறம் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பெட்டிப் பலகையில் கதவு வந்தது. இரும்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கட்டில் வந்தது. நாற்று நட்ட பெண்கள் சரக்கு சுமந்தார்கள், உட்கார்ந்து பிரித்தார்கள். ரயிலடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ரங்கசாமியைப் பிடித்து, "நீ ஒரு தராச மாட்டிக்கினு உக்காருப்பா. இவங்க பட்டணம் வரைக்கும் சுமக்க முடியுமா?" என்று கடை வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

ஒன்றுதான் கஷ்டம். ஆலைகளிலிருந்து ரயிலடிக்கு வரும் குறுக்குவழி ஓடைக்கரை மேல் போகிற ஒற்றையடிப் பாதை. வண்டி போகாது. பாதி வழியில், தனியாக நிற்கிற ஒரு பனைமரத்தடியில் கரை திரும்பும். அதைப் பனைமர முக்கு என்பார்கள். பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக, தள்ளித் தள்ளித்தான் வருவார்கள். அவ்வளவு கனத்தைத் தனியாகக் கீழே இறக்கலாம். தனியாகத் திரும்பத் தலையில் ஏற்ற முடியாது. அதனால் உச்சி வேளையில் பூவராகவன் முக்கில் வந்து நிற்பார். வருகிறவளின் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வார். அவள் தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு, சும்மாட்டைச் சரியாகச் சுற்றிக்கொண்ட பிறகு திருப்பி ஏற்றிவிடுவார். அதற்குள் அடுத்தவள் வந்துவிடுவாள்.

அந்த இடம்தான் இப்போது வெறுமையாக இருந்தது.

காயலாங்கடையில் மூக்கு இன்னும் முடிவாகவில்லை. "பேசாம பாதிக்குப் பாதி வெச்சிடலாம், மேல கூரு, நுனி சப்ப," என்று சின்னதுரை சமரசத்துக்கு வந்திருந்தான்.

கெங்கம்மாள் எழுந்து நின்றாள்.

"மூக்க வுடுங்கண்ணா," என்றாள். "முக்கப் பாருங்க."

"எந்த முக்கு?"

"பனமர முக்கு. அந்தாளுக்கு அங்க ஒரு சுமதாங்கி வெச்சிடுங்க. செல வாணாம்."

அந்தப் பக்கத்தில் யாருக்கும் சுமைதாங்கி என்றால் விளக்கம் தேவையில்லை. நட்ட இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் அதன் மேல் சுமையைத் தள்ளி வைக்கலாம். குனிந்து தலையைக் கொடுத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதை யாருக்காக வைப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்கு. அவள் இறக்கி வைக்காத சுமையை ஊர் இறக்கி வைக்கட்டும் என்று.

முதலில் வாய் திறந்தவன் சின்னதுரை. "யக்கா, பூவராகண்ணனுக்கு மீச இருந்துதா இல்லியா? அதுவாவது ஞாபகம் இருக்குதா?"

கடை வெடித்துச் சிரித்தது.

"சிரிங்க," என்றாள் கெங்கம்மாள். "மூணு புள்ளய நான் வவுத்துல சுமந்தேன். அந்தாளு ஊரு சரக்கெல்லாம் தலையில சுமந்தாரு. யாரு அதிகம் சுமந்தான்னு எங்களுக்குள்ளயே தீரல. வெச்சா இன்னா?"

ரங்கசாமி சிரிக்கவில்லை. "வாணாம்மா. நல்ல மனுசன். நாலு பேரு வாயில கேலியாப் பூடுவான். ஆரணிலேருந்து வர்றவன் கேப்பான், யாருக்குப்பா இதுன்னு. ஆம்பளைக்குன்னு சொன்னா நம்பள இன்னான்னு நெனப்பான்? ரயிலடியில செலன்னா ஒரு மால போடலாம், கும்புடலாம்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கெங்கம்மாளைக் குடைந்தது. அந்தாள் பெயர் கேலியாகிப் போவதை அவளால் தாங்க முடியாது. குப்பாயியின் திரும்பாத கழுத்தையும் தாங்க முடியவில்லை. இரண்டில் எது என்று அவளுக்கே தெரியாமல்தான் பேசியிருந்தாள். அப்போது குப்பாயி உடம்போடு ரங்கசாமி பக்கம் திரும்பி, "கேலி பண்றவன் மூட்டைய தூக்கிக்கினு வந்து கேலி பண்ணட்டும்ண்ணா. அப்ப நானும் கூட சிரிக்கிறேன்," என்றாள்.

"சரி, சரி. நாளைக்கு எடத்தப் பாத்துட்டுப் பேசலாம்," என்று ரங்கசாமி கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் கமிட்டி பனைமர முக்குக்குப் போனது. கெங்கம்மாளும் கூடப் போனாள். ரங்கசாமி வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். சின்னதுரை இடத்தை அளக்க நாடா எடுத்து வந்திருந்தான். நல்ல வெயில். ஓடைக்கரையில் குப்பாயி சுமையோடு வந்தாள். முக்குக்கு வந்ததும், எதிரே ஓர் ஆண் நிற்கிறார் என்பது மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது போலும், பழக்கதோஷம்.

"அண்ணாத்தே, ஒரு கை புடி."

ரங்கசாமி கை கொடுத்தார். மூட்டை நேராக அவர் தலைக்கு வந்து உட்கார்ந்தது. குப்பாயி பனை நிழலில் அப்பாடா என்று கால் நீட்டினாள்.

"எம்மா, இன்னாம்மா இது!"

"இரும்புப் பட்டண்ணா. அசையாத, சுருள் அவுந்தா மூஞ்சியக் கிழிச்சிடும்."

ரங்கசாமி அசையவில்லை. கழுத்து மட்டும் ஒரு விரற்கடை உள்ளே போனது. குப்பாயி தண்ணீர் குடித்தாள். வாய் கொப்பளித்தாள். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து வெற்றிலையைத் துடைத்தாள்.

"எப்ப எடுத்துக்குவ, தாயே?"

"இருண்ணா, சுண்ணாம்பு தடவிக்கறேன். பூவராகண்ணன் கேக்கவே மாட்டாரு."

"தொர! புடிடா இத!"

சின்னதுரை நாடாவைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். "இருண்ணா, அப்டியே நில்லு. எவ்ளோ உசரம்னு அளந்துக்கறேன்."

ரங்கசாமியின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. ஒரு காலத்தில் ரயிலடியில் மூட்டை தூக்கிய கழுத்து அது. தராசுக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகு மறந்துபோயிருந்தது; இப்போது ஒவ்வொரு எலும்பாக ஞாபகப்படுத்திக்கொண்டது.

"தெனமுமா இப்டி நின்னான் அவன்?" என்று மூட்டைக்கு அடியிலிருந்து கேட்டார்.

"தெனமும்தான்," என்றாள் கெங்கம்மாள்.

"ஒண்ணு எறக்குனா அடுத்தது வருமா?"

"வரிசையா வரும்."

"அடப்பாவி," என்றார் ரங்கசாமி. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அப்புறம், "கல்லு வெச்சிடலாம். எவன் கேட்டாலும் பதில் சொல்ற வேல மட்டும் எனக்கு வாணாம். மொதல்ல இத எறக்குங்கடா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்," என்றார்.

சிலைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

கல்லை விலைக்கு வாங்கக்கூடாது என்று கெங்கம்மாள் சொல்லிவிட்டாள். புதுக் கல் வைத்தால் அந்தாள் மேலேயிருந்து திட்டுவார். தேட வேண்டியிருக்கவில்லை. ஆலை ஒன்றின் வளாகத்தில், தூர்த்துவிட்ட கிணற்றின் கவலைக்கால் கற்கள் இரண்டு புல்லில் புதைந்து கிடந்தன. பூவராகவன் சின்ன வயதில் மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறு. கேட்டதும், "எடுத்துக்கினு போங்கம்மா, எடம் அடச்சிக்கினு இருக்குது," என்றார் வாட்ச்மேன். மேல் கல்லுக்கு, இடித்த வீடு ஒன்றின் வாசற்படி ரங்கசாமி கடைக் கொல்லையிலேயே வாங்க ஆளில்லாமல் கிடந்தது. பல காலம் மிதிபட்டு நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. "மூட்ட உருளாம உக்காரும்," என்று கெங்கம்மாள் தடவிப் பார்த்தாள்.

நட்டவர் தாவீது கொத்தனார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். "அவன் உசரமே வெச்சிடு. ஞாபகார்த்தம்னா ஆளு உசரம் இருக்கணும்," என்றார் ரங்கசாமி. மூக்கில் சண்டை போட்டவர்கள் உயரத்தில் ஒரே குரலாக இருந்தார்கள். பூவராகவன் நெட்டை. எங்கே நின்றாலும் தனியாகத் தெரிவார். அந்த உயரத்துக்கே கல் நின்றது. நட்ட கல் ஒன்றின் முன்பக்கம் "பூவராகவன் நினைவாக" என்று வெட்டியாயிற்று. எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள். கம்பீரமாகத்தான் இருந்தது.

மறுநாள் குப்பாயி சுமையோடு வந்தாள். கல்லுக்கு முன்னால் நின்றாள். எக்கினாள். கால் கட்டைவிரலில் நின்று எக்கினாள். மூட்டையின் அடிப்பாகம் கல்லின் விளிம்பில் முட்டி நின்றது.

"யக்கா," என்றாள், "இதுல கொக்குதான் வந்து சுமைய எறக்கணும்."

தாவீது கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். கல்லைப் பிடுங்கி, குழியை ஆழமாக்கி மறுபடி இறக்கினார்கள். இந்த முறை அளவு எடுத்தது குப்பாயியை நிறுத்தி. பெண்களில் அவள்தான் குள்ளம். நெட்டையானவள் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம், குள்ளமானவள் வளர முடியாது என்று கெங்கம்மாள் சொன்னாள். சும்மாட்டோடு அவள் தலை எங்கே வந்ததோ, அங்கே கல் வந்து நின்றது. வெட்டிய எழுத்து இப்போது இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. குனிந்துதான் படிக்க வேண்டும். போகட்டும் என்று விட்டார்கள்.

தை கடைசியில் திறப்பு. ஆலைகளின் சங்கு ஊதி முதல் ஷிப்ட் விட்டதும் கூட்டம் சேர்ந்தது. பழவேற்காட்டிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஆரணித் தோட்டக்காரர் ஒருவர் ஒரு கூடை பாகற்காயோடு வந்தார். ரங்கசாமி பெரிய சாமந்தி மாலை வாங்கி வந்து, போடக் கழுத்தில்லாமல் விழித்து, கடைசியில் பலகைக் கல் மேல் நீளமாக வைத்தார். சின்னதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தான். முதல் சுமையை இறக்கித் திறந்துவைக்க வேண்டியவள் குப்பாயி. பேச்சு முடியட்டும் என்று மூட்டையோடு நின்றாள். பூவராகவன் பிறந்தார், வளர்ந்தார், வலையைக் கண்டார். பேச்சு பழவேற்காட்டைத் தாண்டவே இல்லை.

"தொர," என்றாள் குப்பாயி, "நீ பேசிக்கினே இரு, சாமி. நான் எறக்கிடறேன்."

மாலை மேலேயே மூட்டை தொம்மென்று உட்கார்ந்தது. சாமந்தி நசுங்கி வாசனை வந்தது. கூட்டம் கைதட்டியது. குப்பாயி இடுப்பில் கை வைத்து நின்று, கழுத்தை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கெங்கம்மாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் ஒருநாள் உச்சி வேளை. கெங்கம்மாள் பானையில் தண்ணீர் கொண்டுவந்து கல்லடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குப்பாயி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். ஆரணிப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கோ எதற்கோ போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிழலுக்கு ஒதுங்கினார்கள். மூத்தவள் கல்லைப் பார்த்ததும் "உச்" கொட்டினாள்.

"புதுசா வெச்சிருக்காங்க. பாவம், யாரு பெத்த பொண்ணோ," என்றாள். கண் கலங்கிவிட்டது. கெங்கம்மாளிடம் குனிந்து, "எத்தினி மாசம்மா?" என்று கேட்டாள்.

ரங்கசாமி பயந்த கேள்வி. கெங்கம்மாள் சொல்ல வாயெடுத்தாள். இல்லம்மா, இது ஆம்பளைக்கு வெச்சது, எம்புருசன், பேரு பூவராகவன். எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. குப்பாயி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. கெங்கம்மாள் கல்லைப் பார்த்தாள். அதன் மேல் குப்பாயியின் மூட்டை, பெட்டிப் பலகையும் பட்டையும் பிதுங்கிக்கொண்டு இருந்தது.

"நெறமாசம்தாம்மா," என்றாள்.

"ஐயோ தெய்வமே," என்று அந்த அம்மாள் தன் மஞ்சள் பையிலிருந்து தாளில் சுற்றியிருந்த பச்சைக் கண்ணாடி வளையலில் இரண்டை உருவிக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, கூட வந்தவளை அழைத்துக்கொண்டு நடந்தாள்.

அவர்கள் கரை திரும்பும் வரைதான் குப்பாயியால் முடிந்தது. "அண்ணனுக்கு வளகாப்பாக்கா! மீச வெச்ச ஆம்பளைக்கு!" என்று பனைமரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கெங்கம்மாளும் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கேலி என்று இவ்வளவு நாள் எதற்குப் பயந்தாளோ அது வந்து போயிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. முகம் தெரியாத ஒருத்தி அந்தாளுக்காக ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டுப் போயிருக்கிறாள். பெயர் எதுவானால் என்ன?

வளையலைக் கையில் எடுத்தாள். முழுசாக, வெயிலில் பளபளவென்று இருந்தது. முதல் கூடைச் சரக்கு. ஆனால் சாவுக் கல்லில் வைத்ததை யார் போட்டுக்கொள்வார்கள்? உடைத்துக் கண்ணாடியோடு சேர்க்கலாமென்றால், முழுசாக இருக்கிறதை உடைக்கக்கூடாதே.

"இன்னாக்கா யோசன?"

"எந்தக் கூடைக்குன்னு தெரியல."

திருப்பி அதே ஓரத்தில் வைத்தாள்.

குப்பாயி குனிந்து, சும்மாட்டுத் தலையை மூட்டைக்கு அடியில் கொடுத்து, ஒரு எம்பில் ஏற்றிக்கொண்டாள். யாரையும் கை பிடிக்கச் சொல்லவில்லை. அவள் கரையில் இறங்கி நடக்கும்போதே, ஆலைப் பக்கமிருந்து கன்னியம்மா வந்துவிட்டாள். வந்த வேகத்தில் முழங்காலை மடக்கி மூட்டையைக் கல் மேல் தள்ளினாள். சலக் என்று ஒரு சத்தம்.

"ஐயய்யோ, இன்னாது ஒடஞ்சிது?"

"ஒண்ணுமில்ல. சரக்குதான். தண்ணி குடி," என்றாள் கெங்கம்மாள்.

பச்சைச் சில்லுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, பானை மூடிக்கொண்டு வந்த துணியில் முடிந்துகொண்டாள். வீட்டுக்குப் போனதும் மூன்றாவது கூடையின் சாக்கை விலக்கி உள்ளே கொட்டினாள்.